குழியில் ஒரு சனிக்கிழமை

எறிந்த மண்ணில் பாதி திரும்பவும் குழிக்குள்ளேயே சரிந்து வந்தது. தேரி மண் அப்படித்தான், சிவப்பாய், மாவு மாதிரி, பிடித்தால் விரலிடுக்கில் ஓடிவிடும், வெட்டினால் வெட்டின இடம் தெரியாது. சரியட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும் சரியட்டும், இன்றைக்குப் பூராவும் வெட்டுவேன் என்று கிதியோன் மம்பட்டியை ஓங்கி இறக்கினான். இன்றைக்கு என்று நினைக்கும்போதே நாக்கில் ஒரு ருசி ஊறியது. சனிக்கிழமை. உச்சி சாய்ந்தும் தணியாத சித்திரை வெயில், முதுகில் வியர்வை வழிந்து பழைய தழும்புகளில் இறங்கி அரிக்கிறது, அரிக்கட்டும். அப்பா நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் செத்துப்போனார். ஞானாபரணம். இந்த ஊரில் சனிக்கிழமை சபையை உண்டாக்கினவர். செத்ததும் சரியாக ஓய்வுநாள் பிறந்த கையோடு, பார்த்துப் பார்த்துச் செத்த மாதிரி. வெள்ளிக்கிழமை பொழுது அடைந்தால் அவருக்குச் சனிக்கிழமை பிறந்துவிடும், மறுநாள் பொழுது அடைந்தால்தான் தீரும், அது வரைக்கும் அடுப்பு எரியக்கூடாது, கிணற்றில் வாளி இறங்கக்கூடாது, மண்ணில் இரும்பு படக்கூடாது. படுகிறது, பார்த்துக்கொள்ளும். இந்தா. இந்தா. உமக்குத்தான் வெட்டுகிறேன், உம்முடைய நாளிலேயே வெட்டுகிறேன், குழி ஆனதும் அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கே சுற்றி உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிற உம்முடைய ஆட்களை விலக்கி, உம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, வெயில் இருக்கும்போதே, உம்முடைய ஓய்வுநாள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போட்டு மூடுவேன். தடுக்கிறவன் தலை இருக்காது. அண்ணன் தலையாக இருந்தாலும் இருக்காது. ஆயுசு பூரா ஒரு சனிக்கிழமைகூட முறிக்காதவர் செத்தபிறகு முறிக்கட்டும். காலையில் அண்ணன் நத்தானியேல் வாசலில் நின்று சொன்னான், பொழுது அடையட்டும் டே, நானே வெட்டுதேன், விளக்கு வெளிச்சத்துல அடக்கம் பண்ணிருவோம். அதற்குள் நாறிவிடுவார் என்றான் கிதியோன். நாறட்டும் என்றா அண்ணன் சொன்னான்? இல்லை, அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. அவன் ஏதாவது சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு அறை விட்டிருக்கலாம், அந்த அறை இன்னும் உள்ளங்கையில் கிடந்து துடிக்கிறது, மம்பட்டியின் மரக் கணையை இறுக்கிப் பிடித்தால் கணை வழியாக மண்ணுக்குள் போகிறது.

இன்னைக்கு என்னல நாளு? அப்பா கேட்பார். கையில் கருக்குமட்டை இருக்கும், பச்சைப் பனைமட்டை, இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி பல். சனிக்கிழமப்பா. பளீர். சனிக்கிழமையா? ஓய்வுநாளுப்பா. யாரு சொன்னா? கர்த்தர் சொன்னார். ஞாயித்துக்கெழமைக்கு மாத்தினது யாரு? ராசா. எந்த ராசா? ரோமாபுரி ராசா. பளீர். பதில் சரியாகச் சொன்னாலும் அடி விழும், சரியான பதில் தோலுக்குள் இறங்க வேண்டும் என்பார். சிறு வயதில் ஒரு சனிக்கிழமை கிதியோன் நுங்கு வெட்டினான், அவ்வளவுதான், கீழே விழுந்து கிடந்த குலையில் ஒரு காயை அரிவாளால் சீவினான், வெட்டினதை வாயில் வைக்கவில்லை, அதற்குள் பின்னால் நிழல் விழுந்தது. பனையோடு சேர்த்துக் கட்டி அடித்தார். கருக்கு தோலில் இறங்கி வெளியே வரும்போது இழுத்துக்கொண்டு வரும், இறங்கும்போதைவிட வரும்போதுதான் உயிர் போகும். அடிக்கும்போது அப்பா மூக்கால் மூச்சு விடுவார், புஸ், புஸ் என்று, பாரம் இழுக்கிற மாடு மாதிரி. அந்தச் சத்தம்தான் முதலில் கேட்கும், அடி பிறகு. அடித்து முடித்ததும் அவரே மரத்தடியில் உட்கார்ந்து மெதுவான குரலில், பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, விளக்கம் சொல்லுவார். ஆண்டவர் எந்த நாளில் ஜெப ஆலயத்துக்குப் போனார்? சனிக்கிழமை. அப்போஸ்தலர்கள் எந்த நாளில் போனார்கள்? சனிக்கிழமை. ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கிக் கல்லறையில் வைத்தார்களே, அந்தப் பெண்கள், கையில் பரிமளத் தைலத்தை வைத்துக்கொண்டு, உடம்பு அங்கே கிடக்க, ஓடினார்களா? ஓடவில்லை. சனிக்கிழமை சும்மா இருந்தார்கள். பிரேதத்தைவிட நாள் பெரிசுல, தெரிஞ்சுக்கோ. ரத்தம் முழங்கால் வழியாக இறங்கி எறும்பு மொய்க்கும். பிரேதத்தைவிட நாள் பெரிசா? இப்போது பிரேதம் நீர்தான். சொல்லும் பார்ப்போம். கடப்பாரையை எடுத்து ஓரத்தைக் குத்தினான், அடியில் மண் கொஞ்சம் இறுகலாக வந்தது, ஈரம், பழைய வேர் ஒன்று குறுக்கே கிடந்தது, வேரை வெட்டினான், வெட்டினதையே திரும்பத் திரும்ப வெட்டினான், அது துண்டாகி நெடுநேரம் ஆகியும் வெட்டிக்கொண்டிருந்தான்.

மீசை முளைக்கிற வயதில் ஓடிப்போய்ப் பெரிய கோயிலில் விழுந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோயில். பாதிரியார் ஐயர் முதுகைப் பார்த்துவிட்டு ஒரு சட்டை கொடுத்தார், சோறு போட்டார், பிறகு பதில்களும் கொடுத்தார். வாரத்தின் முதல் நாள் விடியற்காலம்தானே கல்லறை திறந்தது? அந்த முதல் நாளில்தானே சீஷர்கள் கூடி அப்பம் பிட்டார்கள்? பழைய காலத்துச் சபைக் கண்காணிகள் எழுதி வைக்கவில்லையா, நாங்கள் இனி ஓய்வுநாளுக்குப் பிழைக்கிறவர்கள் அல்ல, ஆண்டவருடைய நாளுக்குப் பிழைக்கிறவர்கள் என்று? ராசா மாற்றினாராம், ராசா பிறக்கிறதுக்கு எத்தனையோ காலம் முன்னாலேயே ஞாயிற்றுக்கிழமை கூடினவர்கள் இருந்தார்கள். ஒவ்வொன்றும் கையில் பிடிக்கத் தோதான கல் மாதிரி இருந்தது. பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து வைத்துக்கொண்டான். சந்தையில் அப்பாவைப் பார்த்தபோது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எறிந்தான், கூட்டம் கூடிவிட்டது, அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, முதுகு ஆறிட்டால என்றார். அவ்வளவுதான். ஊர் சிரித்தது. அந்த வருஷம்தான் பெரிய கோயில் வாலிபர்கள் சனிக்கிழமைக்காரர்களின் ஜெபக் கொட்டகைக்குத் தீ வைத்தார்கள், ஓலைக் கொட்டகை, ஒரு நொடியில் ஆள் உயரத்துக்கு எழுந்தது, உள்ளேயிருந்து இருமிக்கொண்டு வெளியே வந்த அப்பாவை வாயிலேயே மிதித்தார்கள், பல் மண்ணில் விழுந்ததை இவன் பார்த்தான். ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தான். மிதி, இன்னும் மிதி என்று கால் தானாக ஆடியது. ஆனால் இதே ஐயர் வேறொன்றும் ஒரு நாள் சொன்னார், இவனுக்குப் பிடிக்கவில்லை, ஆதியில் பல பட்டணங்களில் இரண்டு நாளும் கும்பிட்டார்கள் டே, சனிக்கிழமையும் கூடுவார்கள் ஞாயிற்றுக்கிழமையும் கூடுவார்கள், அண்ணன் தம்பி மாதிரி இரண்டு நாள் என்று எழுதினவர்களும் உண்டு, பிறகுதான் ஒரு ஊர் சனிக்கிழமை பட்டினி கிடந்தது, இன்னொரு ஊர் பட்டினி கிடக்கிறவனைச் சபித்தது, சனிக்கிழமை சும்மா இருக்கிறவன் யூதன் என்று சட்டம் போட்டார்கள், அப்படியே பகையாகிவிட்டது. இரண்டு நாளும். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கிதியோனுக்கு நினைப்பு தட்டிக்கொண்டு நின்றுவிடும். இரண்டு நாளும் நாள்தான் என்றால் இந்த முதுகு எதற்கு? அந்தப் பல் எதற்கு? ஒன்றுதான் நாளாக இருக்க வேண்டும், ஒன்று பொய்யாக இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பட்டதெல்லாம் சும்மா பட்டதாகிவிடும். மண் சரிந்து கணுக்கால் வரைக்கும் மூடியது. காலை உதறினான்.

"என்னங்க." மேலே ஜெயசீலி நின்றாள், அவன் பெண்டாட்டி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கையில் மோர்ச் செம்பு. அவன் வாங்கிக் குடித்தான், பாதி மோர் கழுத்தில் வழிந்தது. "ஒங்க கோயில் ஆளுவ ஒருத்தரையும் காணல," என்றாள். "இன்னைக்கே பொதைச்சிரு, நாங்க பொறத்தால நிக்கோம்னு காலையில அத்தன பேச்சு பேசினாவ." "வருவானுவ." "வரமாட்டாவ. வேடிக்க பாக்கத்தான் வருவாவ." அவன் செம்பைத் திருப்பிக் கொடுத்தான். அவள் போகவில்லை. "மாமா அவிய எனக்கும் ஒண்ணும் நல்லது செய்யல. கலியாணத்துக்கு வரல, பிள்ள செத்ததுக்கு வரல. அதுக்காவச் சொல்லல. ஒங்க மொகத்தப் பாத்துதான் சொல்லுதேன். விட்டுருங்க. பொழுது அடையட்டும்." "என் மொகத்துல என்ன?" அவள் குனிந்து குழிக்குள் பார்த்தாள். "அவிய மாதிரி இருக்கு," என்றாள். அவன் ஒரு கை மண்ணை அள்ளி அவள் மேல் வீசினான். மண் அவள் காலடியில் விழுந்தது, அவள் பின்னால் நகரக்கூட இல்லை, செம்பைக் கவிழ்த்து மீதி மோரை மண்ணில் ஊற்றிவிட்டுப் போனாள். அவள் முடியைப் பிடித்து இழுத்து வந்து குழிக்குள் போட வேண்டும் என்று ஒரு நினைப்பு ஓடி வந்தது, வந்த வேகத்திலேயே பயமாகவும் இருந்தது, இதெல்லாம் எங்கே கிடந்தது, இத்தனை நாள் எந்த மூலையில் கிடந்தது, இவள் மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லையே. வெட்டு. பேசாதே. வெட்டு. மூக்கில் மண் ஏறியிருந்தது, வாயால்தான் மூச்சு விட வேண்டியிருந்தது, மூக்கால் விட்டால் சத்தம் வருகிறது. அந்தச் சத்தம் வேண்டாம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே வெட்டினான், நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியது.

குழி இடுப்பளவு ஆனபோது மேலே வெள்ளை வேட்டி தெரிந்தது. நத்தானியேல். செருப்பில்லாமல் வந்திருந்தான், ஓய்வுநாளில் நடக்கிற தூரத்தைக்கூட அளந்து நடக்கிறவன். கூட யாரையும் அழைத்து வரவில்லை. அது கிதியோனுக்கு ஏமாற்றமாக இருந்தது, ஒரு கூட்டம் வரும், கம்போடு வரும், மண்டைகள் உடையும் என்று நெஞ்சு காலையிலிருந்து தயாராகி நின்றது. "போதும்ல, மேல வா," என்றான் நத்தானியேல். "வரமுடியாது. போய் அவரக் குளிப்பாட்டு." "இன்னைக்குக் குளிப்பாட்ட மாட்டோம்." "அப்ப நாறிக்கிட்டே வரட்டும்." அண்ணன் குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "எல கிதியோனே, ஒனக்கு விழுந்த அடி எனக்குத் தெரியும். நீ ஓடிப்போன பொறவு ஒன் பங்கும் சேத்து எனக்குத்தான் விழுந்தது. சட்டையக் கழத்திக் காட்டட்டா?" "அப்புறம் எதுக்கு அவரு காலப் புடிச்சிக்கிட்டுக் கெடந்த?" "அவரு காலயா புடிச்சேன்? எனக்கு அவரப் புடிக்கவே புடிக்காதுல. நேத்து கண்ண மூடினதும் மொதல்ல வந்தது பெருமூச்சுதான்." நத்தானியேல் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டான். "ஆனா நாளு அவரு உண்டாக்கினதில்லல்லா. அவருக்கு முன்னாடியும் இருந்தது, பொறவும் இருக்கும். எனக்கு ஆறு நாளும் கையி நடுங்கும், அந்த ஒரு நாளுதான் நடுங்காது. அதுல நீ மம்பட்டியப் போட்டு வெட்டுத." "போலே, சனியனே. பொழுது இறங்கறதுக்குள்ள முடிக்கணும்." கிதியோன் மம்பட்டியை ஓங்கினான். ஓங்கின கை கீழே வரும் முன்னால் அண்ணன் குழிக்குள் வழுக்கி இறங்கினான். இறங்கி, அவன் காலுக்குப் பக்கத்தில், நீளவாக்கில், கையை மார்பில் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தான். அளவெடுத்த மாதிரி குழி அவனுக்குச் சரியாக இருந்தது.

"எந்திரி." "மாட்டேன்." "எந்திரில!" தொண்டையிலிருந்து வந்த குரல் கிதியோனையே ஒரு தடவை நிற்க வைத்தது, இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன், கேட்டிருக்கிறேன் என்ன, இதில்தான் வளர்ந்தேன். மேலே ஏறினான். சரி, படு, படுத்தே கிட. குவியலிலிருந்து மண்ணை வாரி வாரி உள்ளே தள்ளினான், அண்ணன் கால் மூடியது, வேட்டி மூடியது, சிவப்பு மண் வயிற்றில் ஏறி மார்புக்கு வந்தது, அண்ணன் கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டான், உதட்டில் மண், துப்பவில்லை, ஜெபம் பண்ணுகிறானா, இல்லை, சும்மா இருக்கிறான், அப்படியே சும்மா இருக்கிறான், அதைத்தான் தாங்க முடியவில்லை, ஒருத்தன் இந்த உலகத்தில் மண்ணை மேலே போட்டாலும் சும்மா இருப்பான் என்றால் என்னை என்ன செய்யச் சொல்கிறான், எழுந்து இரண்டு அடி அடிக்க வேண்டியதுதானே, கழுத்தைப் பிடிக்க வேண்டியதுதானே, கட்டிப் புரண்டு யார் எலும்பாவது முறிந்து இது ஒரு முடிவுக்கு வர வேண்டியதுதானே. குழிக்குள் குதித்தான். மண்ணுக்குள்ளிருந்து ஒரு முழங்கால் துருத்திக்கொண்டு தெரிந்தது. எந்திரிக்க வைக்கிறேன் பார். மம்பட்டியைத் திருப்பிப் பிடித்து அதன் பிடரியால் முழங்காலுக்குக் கீழே ஓங்கி இறக்கினான். காய்ந்த கொம்பு ஒடிகிற சத்தம் கேட்டது. அண்ணன் கத்தினான், தேரி முழுக்க, காகங்கள் எழும்புகிற அளவுக்கு ஒரே ஒரு கத்தல், பிறகு தோளில் கிடந்த துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டான். எழுந்திருக்கவில்லை. அப்புறம் கேட்டது அந்தச் சத்தம். புஸ். புஸ். கிதியோன் திரும்பிப் பார்த்தான். குழிக்குள் வேறு யாரும் இல்லை. மூக்கைப் பொத்தினான். சத்தம் நின்றது. கையை எடுத்ததும் திரும்ப வந்தது.

மம்பட்டியைத் தூக்கி வெளியே எறிந்தான். இரண்டு கையாலும் மண்ணைப் பறித்தான், நகம் மடங்கிச் சதையைக் கிழித்தது, காலைத் தொட்டபோது முழங்காலுக்குக் கீழே இருக்கக்கூடாத இடத்தில் ஒரு வளைவு இருந்தது, ஈரமாக, சூடாக, எலும்பின் முனை தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. "அண்ணே, தூக்குதேன், கழுத்தப் புடிச்சிக்கோ, ரோட்டுக்குப் போயிட்டா வண்டி வந்துரும்." நத்தானியேல் தலையை ஆட்டினான். "அண்ணே, வேதத்துலயே இருக்குல்லா, ஓய்வுநாளுல ஆடு குழியில விழுந்தா தூக்கலாம்னு, ஆண்டவரே சொன்னாருல்லா, வாண்ணே." அண்ணன் துண்டை வாயிலிருந்து எடுத்தான். உதடு வெளுத்திருந்தது. "நா விழலயே," என்றான். "படுத்திருக்கேன்." கிதியோன் சேர்த்து வைத்த வசனக் கல்லெல்லாம் எங்கே போயின, ஒன்றுகூட கைக்கு வரவில்லை. தன் சட்டையைக் கழற்றிக் காலைச் சுற்றிக் கட்டினான், கட்டும்போது அண்ணன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான், அந்தப் பிடியில் விரல்கள் பழைய தழும்புகளின் மேல் பட்டன, பட்டதும் அண்ணன் விரல் ஒவ்வொன்றாக அவற்றைத் தடவிப் பார்த்தது, கண் தெரியாதவன் எதையோ படிக்கிற மாதிரி. குழிக்குள் வெயில் மேல் ஓரத்துக்கு ஏறிவிட்டது. செத்துவிடுவானோ, ரத்தம் நிற்கவில்லையே, செத்துவிட்டால் என்ன சொல்வேன், வேலை செய்ய விடவில்லை அதனால் கொன்றேன் என்றா, கும்பிட்ட நாள் வேறு அதனால் கொன்றேன் என்றா, இதற்கு முன்னாலும் இப்படிச் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள், அந்தப் பட்டணங்களில், அந்தச் சட்டம் போட்ட ஊர்களில், யாரோ ஒருத்தன் யாரோ ஒருத்தனுடைய காலைப் பிடித்துக்கொண்டு இப்படிக் குழிக்குள் உட்கார்ந்திருப்பான், அவன் பேர் எதிலும் வராது. அண்ணனுடைய குதிகால் அவன் மடியில் கிடந்தது, குளிர்ந்துகொண்டு வந்தது. தேய்த்துவிட்டான். தேய்த்துக்கொண்டே இருந்தான். காற்று வீட்டுப் பக்கமிருந்து திரும்பியபோது அப்பாவின் வாடை வந்தது, இனிப்பும் அழுகலும் கலந்து, இரண்டு பேர் மூக்கும் ஒரே நேரத்தில் சுருங்கியது. அந்த வலியிலும் அண்ணனுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து இருமலாகிப் போனது.

வானத்தில் கடைசிச் சிவப்பும் பனைகளுக்குப் பின்னால் இறங்கியது. நத்தானியேல் கண்ணை மூடி உதட்டை அசைத்தான், நாளை வழியனுப்புகிற ஜெபம், அப்பா பண்ணுகிறது, ஆனால் அப்பா மாதிரி உரக்க இல்லை. ஆமென் என்றான். பிறகு முழங்கையை ஊன்றி, முனகி, மண் சுவரில் முதுகைச் சாய்த்து எழுந்து உட்கார்ந்தான். "மம்பட்டிய எடுத்துக் குடு." "என்னண்ணே சொல்லுத, ஆஸ்பத்திரிக்குப் போவோம்." "போவோம். இன்னும் ஒரு முழம் ஆழம் வேணும், நரி தோண்டிரும். எடு." கிதியோன் மேலே ஏறி மம்பட்டியை எடுத்து வந்தான், ஆனால் கொடுக்கவில்லை. "நீ இரி, நா வெட்டுதேன்." "நீ வெட்டக்கூடாது," என்றான் நத்தானியேல். குரலில் கோபம் இருந்ததா என்று கிதியோனுக்குத் தெரியவில்லை. "பொழுது அடைஞ்சா அடுத்த நாளு பொறந்துட்டு. ஆதியில எல்லாருக்கும் அப்படித்தாம்ல நாளு, ஒங்க ஆளுவளுக்கும் எங்க ஆளுவளுக்கும். இப்ப ஞாயித்துக்கெழம. இது ஒன் நாளு." கையை நீட்டி மம்பட்டியை வாங்கினான். "நீ சும்மா இரி."

உடைந்த காலை ஒரு பக்கமாக நீட்டி வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே, அவன் வெட்ட ஆரம்பித்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் பல்லுக்குள் ஒரு சத்தம் வந்தது, அதை விழுங்கிவிட்டு அடுத்த வெட்டை வெட்டினான். கிதியோன் ஒரு தடவை கையை நீட்டினான். அண்ணன் அந்தக் கையைப் பார்த்தான், கொடுக்கவில்லை, வெட்டினான். நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல், குழியின் விளிம்பில், மடியில் போட்டுக்கொண்டு, கிதியோன் உட்கார்ந்திருந்தான்.